பட்டறைப் பையனின் படத்தைப் பேப்பருக்குக் கொடுக்கலாமா?

சவுகார்பேட்டைவாசி:
எங்கள் சந்தில் ஒரு கொலுசுப் பட்டறை. மூன்றாவது மாடி, ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும். டீ வாங்க வரும் பையனுக்கு 12 வயதுகூட இருக்காது. விரல் நுனியெல்லாம் கறுத்து, ஆசிட் பட்டு வெடித்திருக்கிறது. இந்தி மட்டும்தான் பேசுகிறான். தெரிந்த நிருபரிடம் படத்தோடு சொல்லட்டுமா?

பழைய உதவி ஆசிரியர்:
வேண்டாம் சார், முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்கள். செய்தி முந்திக்கொண்டால் ராத்திரியோடு ராத்திரியாகப் பையனை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். எங்கள் பேப்பரிலேயே ஒரு தடவை அப்படி ஆனது. மறுநாள் அங்கே பூட்டுதான் தொங்கியது. அப்புறம், 2015 சிறார் நீதிச் சட்டம் 74-வது பிரிவுப்படி பெயர், முகம், முகவரி, பள்ளி எதுவும் வெளிவரக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட.

மின்ட் தெரு:
அப்போ பத்திரிகைக்கு வேலையே இல்லையா?

பழைய உதவி ஆசிரியர்:
இருக்கிறது, மீட்ட பிறகு. மீட்ட அன்றைக்கு நாலு பத்தி போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். முதலாளி மேல் போட்ட வழக்கு என்ன ஆனது, கூட்டி வந்த தரகர் சிக்கினானா, பாக்கிக் கூலி கைக்கு வந்ததா என்று ஆறு மாதம் கழித்துப் போய்க் கேட்க வேண்டும். அதற்குத்தான் ஆள் அனுப்ப மாட்டார்கள்.

சவுகார்பேட்டைவாசி:
போன் போட்டுவிட்டேன். எந்த மாடி, பையன் டீக்கு வரும் நேரம் எல்லாம் கேட்டுக்கொண்டார்கள். படம் என் போனிலேயே இருக்கட்டும்.