கீமோ தொடங்க மூன்று வாரம்தான், கருமுட்டை எடுத்து வைக்க நேரம் போதுமா?

ஈசூன்_பொண்ணு:
எனக்கு 31 வயது. போன மாதம் குளிக்கும்போது இடது மார்பில் சின்னதாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் முடிந்து இரண்டாம் நிலை மார்பகப் புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் பாசிட்டிவ் (அந்த ஹார்மோனால் வளரும் வகை) என்று சொல்லிவிட்டார்கள். முதலில் கீமோ, அப்புறம் அறுவை சிகிச்சை. தேதியும் கொடுத்தாயிற்று, இன்னும் மூன்று வாரம். பிள்ளை பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, கையெழுத்துப் போடும் தாளில் "மாதவிடாய் நின்றுபோகலாம்" என்று ஒரு வரி இருந்தது, அதைப் பார்த்துத்தான் எனக்கே உறைத்தது.

மார்ச்சில் பதிவுத் திருமணம் முடிந்தது, கோயிலில் தாலி கட்டுவது தை மாதம். இன்னும் அவரவர் வீட்டில்தான் இருக்கிறோம். முட்டையாக உறைய வைப்பதா, அவருடைய விந்தணுவோடு சேர்த்துக் கருவாகவே வைப்பதா? ஹார்மோன் ஊசி போட்டால் கட்டி வளர்ந்துவிடாதா? அம்மா "முதல்ல நீ பிழைச்சு வா, மத்தது அப்புறம்" என்கிறார். அது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

பொங்கோல்_அக்கா:
தங்கச்சி, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதே, நாளைக் காலையிலேயே போன் போட்டு "கருவள நிபுணரிடம் அனுப்புங்கள், அவசரம்" என்று கேள். மூன்று வாரம் போதும், ஆனால் அதில் ஒரு வாரத்தை யோசித்தே தொலைத்தால் போதாது. முன்பெல்லாம் மாதவிடாய் வரும்வரை காத்திருந்துதான் ஊசியைத் தொடங்குவார்கள், இப்போது சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம். ஊசி பத்திலிருந்து பதினான்கு நாள்.

கட்டி வளருமா என்று நானும் கேட்டேன். ஊசியோடு சேர்த்து லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள், அது ஈஸ்ட்ரோஜனை ஏறவிடாமல் பிடித்து வைக்கும், உன்னைப் போன்ற பாசிட்டிவ் ஆட்களுக்கு அதுதான் வழக்கம். இப்படிச் செய்ததால் நோய் திரும்பி வருவது கூடியதாக இதுவரை வந்த ஆய்வுகள் காட்டவில்லை என்றார் டாக்டர்.

ஊசி வலி ஒன்றும் பெரிதில்லை, அதைத் தூக்கிக்கொண்டு அலைவதுதான் தொல்லை. வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன், ஐஸ் பேக் வைத்த சின்னப் பையோடு எம்ஆர்டி ரயிலில், ஒரு நாள் உணவங்காடிக் கழிவறையில் நின்றுகொண்டே தொப்புளுக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டேன். முட்டையை முதிர வைக்கும் கடைசி ஊசிக்கு மட்டும் நேரம் தவறக்கூடாது. எனக்கு இரவு 10.30க்கு, 36 மணி நேரம் கழித்து முட்டை எடுத்தார்கள். மயக்கத்தில்தான் எடுப்பார்கள், வயிற்றில் தையல் கிடையாது. பதினொன்று எடுத்ததில் எட்டுதான் முதிர்ந்தவை. எட்டும் எட்டுப் பிள்ளையாகாது, அதை முன்பே மனதில் வைத்துக்கொள்.

சிகிச்சை முடிந்ததும் டமாக்சிஃபென் என்ற ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரை கொடுப்பார்கள், ஐந்து வருடமோ அதற்கு மேலோ. அதைச் சாப்பிடும்போது கருத்தரிக்கக்கூடாது. 2023இல் வந்த "பாசிட்டிவ்" (POSITIVE) என்ற பெயருள்ள ஆய்வில், ஒன்றரையிலிருந்து இரண்டரை வருடம் ஹார்மோன் மருந்து எடுத்த 500க்கு மேற்பட்ட பெண்கள் பிள்ளைக்காக அதை நிறுத்திப் பார்த்தார்கள், முதல் சில வருடத்தில் நோய் திரும்புவது அதிகமாகவில்லை. நீண்ட காலக் கணக்கு இன்னும் வரவேண்டும். நான் டாக்டர் சம்மதத்தோடு போன மாதம்தான் நிறுத்தியிருக்கிறேன்.

தாதி_மாலா:
புற்றுநோய் வார்டில் தாதியாக இருக்கிறேன். பதிவு முடிந்துவிட்டதால் சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி, தாலி கட்டாதது ஒரு தடையே இல்லை. திருமணச் சான்றிதழை எடுத்துப் போங்கள். இரண்டு வழியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது, வித்தியாசம் என்னவென்றால் கரு இருவருக்கும் சொந்தம், பின்னால் பயன்படுத்த இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். முட்டை உங்களுடையது மட்டும். சொல்லக் கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதைக் கல்யாணச் சந்தோஷத்தில் முடிவு செய்யாதீர்கள். முட்டையையும் சிங்கப்பூரில் சட்டப்படி மணமானவர்கள்தான் பயன்படுத்த முடியும். பாதி முட்டை, பாதி கரு என்று வைப்பவர்களும் உண்டு.

2023 ஜூலையிலிருந்து 21 முதல் 37 வயதுப் பெண்கள் காரணமே இல்லாமலும் முட்டை சேமிக்கலாம், கீமோ போன்ற மருத்துவக் காரணத்துக்கு அதற்கு முன்பே அனுமதி இருந்தது. செலவு பல ஆயிரம் வெள்ளி, ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம் தனி. செயற்கைக் கருத்தரிப்புக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கில் முதல் முறை 6,000 வெள்ளி வரை எடுக்கலாம், உங்களுக்கு அது எப்படிப் பொருந்தும் என்று மருத்துவச் சமூக சேவையாளரிடம் முதல் நாளே கேளுங்கள், பில் வந்தபிறகு கேட்பவர்கள்தான் அதிகம்.

உட்லண்ட்ஸ்_கவி:
நான் முட்டை எடுக்கவில்லை. எனக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், HER2 மூன்றும் நெகட்டிவ், கட்டி வேகமாக வளர்ந்தது, ஒரு வாரம்கூடத் தள்ளவேண்டாம் என்றார்கள். கீமோவுக்கு முன்பே ஸோலாடெக்ஸ் ஊசி ஆரம்பித்து, 28 நாளுக்கு ஒருமுறை போட்டார்கள், கருப்பையைத் தூங்க வைப்பது மாதிரி... கருப்பை இல்லை, சினைப்பை. முடித்து எட்டு மாதத்தில் மாதவிடாய் திரும்பி வந்தது. எல்லாருக்கும் வராது, அதனால் முட்டை எடுப்பதற்குப் பதிலாக இதை நினைக்காதீர்கள், இரண்டையும் சேர்த்தே கேளுங்கள். அம்மாவிடம் சண்டை போடாதீர்கள், என் அம்மாவும் அதையேதான் சொன்னார், பிறகு ஒவ்வொரு ஊசிக்கும் கூடவே வந்து உட்கார்ந்தார்.

ஈசூன்_பொண்ணு:
காலையில் போன் பண்ணினேன். வியாழக்கிழமை கருவள டாக்டரைப் பார்க்கிறேன், கீமோ தேதி மாறவில்லை. பாதி பாதி என்று கணவரிடம் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் "முட்டையே அதிகமா இருக்கட்டும், கரு குறைவா வெச்சுக்கலாம்" என்றார். பொங்கோல் அக்கா, அந்த ஐஸ் பையை எங்கே வாங்கினீர்கள்?