வெளுத்துப்போகும் டிரிப்டோபன் சிந்தேஸ்: யாராவது வழி சொல்லுங்கள்

மூன்று வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து நிக்கல் பத்தியில் பிரித்தெடுக்கும் டிரிப்டோபன் சிந்தேஸ் (டிரிப்டோபன் அமினோ அமிலத்தை உருவாக்கும் நொதி) நல்ல மஞ்சளாகத்தான் வருகிறது. டிரிஸ் தாங்கல் கரைசலில் ஓரிரவு டயாலிசிஸ் (சவ்வு வழியாகக் கரைசலை மாற்றுவது) செய்தால், காலையில் குழாயில் வெறும் தண்ணீர் போல நிறமற்றுக் கிடக்கிறது. ஒளி உறிஞ்சலில் 412 நானோமீட்டர் உச்சமும் காணாமல் போகிறது. நொதி டிரிப்டோபனாக மாற்றவேண்டிய இண்டோலும் செரினும் சேர்த்து 290 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்த்தால் அளவு ஏறவே இல்லை.

நொதியின் ஆல்பா, பீட்டா துணையலகுகள் இரண்டும் ஜெல்லில் தெளிவாகத் தெரிகின்றன. பீட்டாவின் 87ஆம் இடத்து அமினோ அமிலமான லைசினைப் பற்றியிருக்கும், நொதிக்கு மஞ்சள் நிறம் தரும் துணைமூலக்கூறான பைரிடாக்சல் பாஸ்பேட்தான் கழன்றுபோகிறது என்று சந்தேகிக்கிறேன். டிரிஸின் அமீன் அதைப் பிடித்துக்கொள்ளக்கூடும்.

கிளிசரால், 4 டிகிரி குளிர், புதிய கரைசல் எல்லாம் பார்த்தாயிற்று. பைரிடாக்சல் பாஸ்பேட்டை மறுபடி சேர்த்தபோது நிறம் திரும்பியது. செயல்பாடு பாதிதான் வந்தது.

டிரிஸை விட்டுப் பொட்டாசியம் பாஸ்பேட்டுக்கு மாறினால் முழுச் செயல்பாடும் மீளுமா?