ஆன் ஆகும்போதே அணைந்துவிடும் லேப்டாப்

மண்டபம்_கரை:
லோகோ வருகிறது, விண்டோஸ் வட்டம் சுழலும்போதே பொட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜர் போட்டாலும் அப்படித்தான். வீடு கடலை ஒட்டி. விண்டோஸை மறுபடி ஏற்றினால் சரியாகுமா?

பாம்பன்_சர்வீஸ்:
அவசரப்பட்டு விண்டோஸில் கை வைக்காதீங்க. பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரை) போய் 10 நிமிடம் சும்மா விடுங்க. அங்கேயும் அணைந்தால் கோளாறு ஹார்டுவேரில்தான். அணையாவிட்டாலும் முடிவுக்கு வந்துவிடாதீங்க, பயாஸில் சுமை குறைவு. லினக்ஸ் (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) ஏற்றிய பென்டிரைவில் பூட் செய்து பாருங்க; அதிலும் அணைந்தால் கோளாறு விண்டோஸில் இல்லை.

கீழக்கரை_போர்டு:
உப்புக்காற்று ஊர்களில் எனக்கு முதல் சந்தேகம் ராம் (நினைவகப் பட்டை) மேல்தான். கீழ்மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடிங்க. பிறகு ராமை உருவி வெளிச்சத்தில் பாருங்க. பொன்னிறப் பற்களில் வெள்ளைப் படிவோ பச்சைக் களிம்போ இருந்தால், 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்க. இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்க.

அடுத்தது சூடு. ஃபேனுக்கும் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதி) துடுப்புகளுக்கும் நடுவில் தூசி ஈரத்தோடு சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருக்கும். பிராசசர் 100 டிகிரியைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதணும், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போகும். பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாக ஒரு பச்சைப்பயறு அளவு போதும்.

தொண்டி_டெக்:
டச்பேட் மேலெழும்பியிருக்கிறதா? அப்படியானால் பேட்டரி உப்பியிருக்கும். அழுத்தாதீங்க, குத்தாதீங்க. அதைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்க. அணையாமல் ஓடினால் பேட்டரியை மாற்றினால் போதும்.