'பையர் ஸ்டீரியோடைப்': முத்திரையா, வார்ப்பா, மூசையா?

ஊத்துக்கோட்டையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். விளம்பரவியல் சொற்பட்டியலில் 'பிராண்ட் இமேஜ்', 'பையர் ஸ்டீரியோடைப்' இரண்டுக்குமே 'பிம்பம்' என்று போட்டிருக்கிறது. பிக்கப் (பின்னால் திறந்த சுமைத்தொட்டி உள்ள வண்டி) விளம்பரங்களை எடுத்துக்கொண்டால் இது ஒத்துவராது. வண்டியைப் பற்றிய எண்ணம் வேறு, வாங்குகிற ஆளைப் பற்றிய எண்ணம் வேறு.

2016-இல் செவர்லே ஒரு விளம்பரம் போட்டது. ஃபோர்டு எஃப்-150-இன் அலுமினியத் தொட்டியில் கற்களைக் கொட்டி, ஓட்டை விழுவதைக் காட்டினார்கள். பேச்செல்லாம் தகட்டைப் பற்றி. 2013-இல் ராம் என்ற அமெரிக்க பிக்கப் நிறுவனம் போட்ட இரண்டு நிமிட விளம்பரம் இதற்கு நேர் எதிர். உழவர்களைப் பற்றி அமெரிக்க வானொலிப் பேச்சாளர் பால் ஹார்வி 1978-இல் பேசிய பேச்சு ஓடுகிறது. திரையில் உழவர்களின் நிழற்படங்கள். வண்டி தலைகாட்டுவதே சில இடங்களில்தான். குதிரைத்திறன் இல்லை, சுமைக் கணக்கு இல்லை. 'ராம் வைத்திருப்பவர் இப்படிப்பட்டவர்' என்பது மட்டும் மனத்தில் தங்குகிறது.

முதல் வகைக்குப் 'பெயர்ச்சாயல்', இரண்டாவதற்கு 'வாங்குநர் முத்திரை' என்று முன்வைக்கிறேன்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து:

பெயர்ச்சாயல் நன்றாக இருக்கிறது ஐயா. முத்திரை மட்டும் வேண்டாம். அக்மார்க் முத்திரை, ஐ.எஸ்.ஐ. முத்திரை என்று அது ஏற்கெனவே சரக்கின் மேல் ஏறி உட்கார்ந்த சொல். பிராண்டையே முத்திரை என்று எழுதுகிறவர்களும் உண்டு. 'முத்திரை வாங்குநர் முத்திரையைப் பாதிக்கிறது' என்று எழுதினால் யாருக்குப் புரியும்?

'வாங்குநர் வார்ப்பு' எனலாம். ஸ்டீரியோடைப் முதலில் அச்சுக்கூடச் சொல்தானே. கோத்த பக்கத்தை அப்படியே படியெடுத்து ஈயக்கலவையில் வார்த்த ஒற்றைத் தகடு அது. ஓர் எழுத்தை மட்டும் உருவி மாற்ற முடியாது. 1922-இல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் இதை மனிதரைப் பற்றிய முன்முடிவுக்கு எடுத்தாண்டார். அந்த இறுகிய தன்மை 'வார்ப்பு' என்பதில் வந்துவிடுகிறது.

ஒரு சோதனை. 2005-இல் வந்த டாடா ஏஸ்: இரண்டு சிலிண்டர், 702 சிசி, முக்கால் டன் சுமை. நம் பக்கம் அது 'குட்டி யானை'. அதை ஓட்டுபவரை யாரும் யானை என்பதில்லை. ஆக, குட்டி யானை பெயர்ச்சாயல், வார்ப்பு அல்ல. கோடு தெளிவாக விழுகிறதா?

நகரியிலிருந்து:

கோடு விழுகிறது. ஆனால் விளம்பரம் செய்கிற வேலைக்கு இன்னும் பெயர் இல்லை. எங்கள் பக்கத்துத் தெலுங்கில் ஸ்டீரியோடைப்புக்கு 'மூச' என்பார்கள். அச்சு என்று பொருள். தமிழிலும் தட்டார் பட்டறையில் 'மூசை' உண்டு, பொன் உருக்கும் கலம். விளம்பரத்தில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பை மூசை என்போம்: தரையை ஒட்டிய கேமரா, சேறு, கட்டைக் குரல், ஓட்டுவது எப்போதும் ஆண். அதிலிருந்து நம் தலைக்குள் இறுகுவது வார்ப்பு.

தடாவுக்கு மேற்கே ஸ்ரீசிட்டியில் இசுசு வண்டிகள் வருகின்றன. அங்கே கட்டுகிற ஒரே டி-மேக்ஸ் பிக்கப் குடும்பத்தில் ஒன்றுக்கு லோடு மூசை, வி-கிராஸுக்குச் சாகசப் பயண மூசை. இயந்திரம் பேசாததை மூசை பேசிவிடுகிறது.

ஊத்துக்கோட்டையிலிருந்து:

மூசையும் வார்ப்பும் பொருந்துகின்றன அம்மா, முத்திரையை விட்டுவிடுகிறேன். களத்தில் அளக்கிறவர்களுக்கு இந்தப் பிரிவு உதவும். 30 நொடி விளம்பரத்தை மூன்று நொடிக்கு ஒருமுறை நிறுத்தினால் பத்துப் படம் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் யார் ஓட்டுகிறார், தொட்டியில் என்ன, எந்தத் தரை, யார் குரல் என்று குறித்தால் மூசை அகப்பட்டுவிடும். வார்ப்புக்கு ஆட்களிடம்தான் போக வேண்டும். ஒரே வண்டியின் இரண்டு படம்: ஒன்றில் வெள்ளை போர்டு, மற்றதில் மஞ்சள் போர்டு. பெயர்ச்சின்னத்தை மறைத்துவிட்டு, ஒருவரிடம் ஒரு படம் மட்டும் காட்டி 'இதை வைத்திருப்பவர் என்ன வேலை செய்வார்?' என்று கேட்க வேண்டும். இரண்டையும் காட்டினால் எதைச் சோதிக்கிறோம் என்று புரிந்துகொண்டு பதிலைச் சரிசெய்துவிடுவார்கள். 'வண்டி எப்படி?' என்பதை முதலில் கேட்டாலும் கெட்டுவிடும். அந்தப் பதிலே அடுத்த கேள்விக்கும் ஒட்டிக்கொள்ளும்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து:

ஒரு சிக்கல். மஞ்சள் போர்டில் சாலையில் தென்படுவது பெரும்பாலும் சம்பள டிரைவர். வாங்கியவர் வீட்டில் இருப்பார். வார்ப்பு விழுவதோ டிரைவர் மேல். விளம்பர ஆய்வுக்கு 'வாங்குநர் வார்ப்பு' இருக்கட்டும். தெருவில் பார்த்து எடைபோடுவதற்கு 'வண்டிக்காரர் வார்ப்பு' என்று தனிப் பதிவு போட்டுவிடலாமா?

நகரியிலிருந்து:

போடுங்கள். இரண்டிலும் 'மூசை' பார்க்க என்று ஒரு வரி சேருங்கள்.