கொய்யாவுக்குள் புழு: குடியிருப்புத் தோட்டம்

கேள்வி: பொதுத் தோட்டத்தில் நாலு கொய்யா, 15 அடி உயரம். பழம் வெளியே பளபளவென்று இருக்கிறது, வெட்டினால் வெள்ளைப் புழு நெளிகிறது. குழந்தைகள் பறித்துத் தின்பதால் மருந்தடிக்கத் தயக்கம். என்ன செய்யலாம்?

பதில் 1: பழ ஈ வேலை. தோலில் ஊசி குத்தினாற்போல் புள்ளியும், அதைச் சுற்றி மெத்தென்றும் இருக்கும். முட்டை வைத்த இடம் அது. புழு சதைக்குள் இருப்பதால் மேலே மருந்தடித்துப் பயனில்லை. விழுந்த பழத்தைத் தினமும் பொறுக்குங்கள். உரக்குழியில் போடவே கூடாது; புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாகத் திரும்பி வரும். கறுப்பு பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள்.

பதில் 2: மீத்தைல் யூஜினால் (ஈயை இழுக்கும் வாசனைப் பொருள்) பொறி வைக்கலாம். ஆனால் அதில் ஆண் ஈ மட்டும்தான் விழும், அதையே நம்பி இருக்காதீர்கள். காய் எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பை உறை போடுங்கள். காம்போடு சேர்த்துக் கட்டணும், இடைவெளி விட்டால் வீண்.

கேள்வி கேட்டவர்: 15 அடியில் ஏறி உறை போட ஆள் இல்லையே?

பதில் 1: அறுவடை முடிந்ததும் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி, ஏழடிக்கு இறக்குங்கள். கொய்யா புதுத்துளிரில்தான் பூக்கும், பயம் வேண்டாம். வெட்டுவாயில் பூஞ்சை வராமல் போர்டோ பசை தடவுங்கள்: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். பிளாஸ்டிக் வாளியில் கலக்குங்கள். இரும்பு ஆணியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்கணும்.