684இல் இரண்டு ஊர்: மீடியம் வேவ் இரவுகள் பற்றி நேயர்கள்

நாகப்பட்டினம் நேயர்

684 கிலோஹெர்ட்ஸில் கோழிக்கோடும் இருக்கிறது, போர்ட் பிளேயரும் இருக்கிறது. இரண்டும் ஆகாசவாணி, இரண்டும் 100 கிலோவாட். நாகைக் கடற்கரையிலிருந்து பார்த்தால் ஒன்று மேற்கே சுமார் 440 கி.மீ., மற்றது வங்கக் கடலைத் தாண்டிக் கிழக்கே சுமார் 1,400 கி.மீ. இரவு எட்டு மணிக்கு முள்ளை அங்கே வைத்தால் மலையாளம் மேலே நிற்கும், அடியில் இந்தி முனகும். ரேடியோவை எப்படித் திருப்பினாலும் இரண்டும் பிரியாது. ரேடியோவுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் ராடு தன் இரு முனைகள் நோக்கும் திசையில்தான் கேட்காது. பக்கவாட்டில் இரு புறமும் ஒரே அளவு கேட்கும். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் எதிரெதிரே இருப்பதால் ஒன்றை அடைத்தால் மற்றதும் அடைபட்டுவிடும்.

இங்கே சூரியன்தான் பிரித்துக் கொடுக்கும். பகலில் 60 முதல் 90 கி.மீ. உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தின் டி அடுக்கு மீடியம் வேவ் என்னும் மத்திய அலையை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அது வேகமாகக் கரைகிறது. மேலே இருக்கும் ஈ, எஃப் அடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்பத் தொடங்குகின்றன. டிசம்பரில் போர்ட் பிளேயரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறையும். நாகையில் 5.50, கோழிக்கோட்டில் 6.05. ஆகவே 5.30க்கும் 6.10க்கும் நடுவே கிழக்குப் பாதை இருட்டத் தொடங்கியிருக்கும், மேற்குப் பாதையில் இன்னும் வெயில் இருக்கும். போர்ட் பிளேயர் தனியாக, தெளிவாக வரும் நேரம் அதுதான். ஜூனில் இதே இடைவெளி சுமார் முக்கால் மணி நேரம் தள்ளி வரும். ஏழு மணிக்கு மேல் முயன்றால் கோழிக்கோடு எழும்பிவிடும், பிறகு காத்திருந்து பயனில்லை.

ஒரே எண்ணில் இரண்டு நிலையம் வரும் எந்த அலைவரிசைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இரண்டு ஊரின் தீர்க்கரேகையைப் பாருங்கள். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம்.

சென்னை நேயர்

அதே முறையில் 657இல் கொல்கத்தாவைத் தேடும் சென்னைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 657இல் தமிழ் கேட்டால் அது கொல்கத்தாவும் இல்லை, புதிதாக வந்த நிலையமும் இல்லை. சென்னையின் 720, 783 இரண்டும் பலமாகப் பாயும் இடத்தில் சாதாரண டிரான்சிஸ்டரின் முன்பகுதி திணறி, இரண்டையும் கலந்து இல்லாத நிலையங்களை உண்டாக்கும். 720ஐ இரட்டித்து 783ஐக் கழித்தால் 657. 783ஐ இரட்டித்து 720ஐக் கழித்தால் 846. இந்த இரண்டு எண்ணிலும் உள்ளூர் நிகழ்ச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கேட்டால் உங்கள் ரேடியோதான் உண்டாக்குகிறது என்று அறியலாம். ராடின் முனையை டிரான்ஸ்மிட்டர் பக்கம் காட்டினால் கலவை சட்டென்று மறைந்துவிடும். உண்மையான நிலையம் என்றால் அப்படி முழுதாக மறையாது.

657க்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. பழைய செட்டுகளின் ஐ.எஃப்., அதாவது எந்த நிலையத்தையும் செட் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அலைவரிசை, 455 கிலோஹெர்ட்ஸ். அதில் இரு மடங்கு, அதாவது 910, மேலே இருக்கும் பலமான நிலையம் கீழே நிழலாக விழும். நாக்பூரிலிருந்து 1566இல் 1,000 கிலோவாட் ஒலிபரப்பு நடந்த காலத்தில் அதன் நிழல் 656இல் விழுந்தது. 657உடன் மோதி 1 கிலோஹெர்ட்ஸ் விசில் அடிக்கும். அந்த விசிலைக் கேட்டு செட் பழுது என்று ஐ.எஃப். சுருள்களின் திருகுகளைத் திருகி அலைன்மெண்டைக் குலைத்தவர்கள் உண்டு. செட்டில் குறையே இருக்காது. முன்பகுதியில் வேண்டாத அலைவரிசைகளை வடிகட்டும் ட்யூன் செய்த ஆர்.எஃப். நிலை இல்லாத எந்த ரேடியோவும் இதைச் செய்யும்.

ரேடியோ மெக்கானிக், சேலம்

லூப் (ரேடியோவுக்கு அருகே வைக்கும் கம்பிச்சுற்று ஆன்டெனா) கட்டாமல் தூரத்து நிலையங்களைப் பற்றிப் பேசுவதில் பாதிப் பயன்தான். அளவைத் தருகிறேன். மரச் சட்டத்தில் சிலுவை அடித்து, பக்கத்துக்கு 60 செ.மீ. வரும்படி சதுரம். அதில் 12 சுற்று, சுற்றுக்குச் சுற்று 6 மி.மீ. இடைவெளி. கம்பி 30 மீட்டர் வாங்கினால் முனைக்கும் சேர்த்துப் போதும். 22 கேஜ் எனாமல் கம்பியோ, பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய ஒயரோ, எது கிடைத்தாலும் சரி. இரண்டு முனையையும் 500 பிக்கோஃபாரட் கேங்க் கண்டன்சரின் (ட்யூன் செய்யத் திருப்பும் கண்டன்சர்) குறுக்கே பற்றவைக்க வேண்டும். பழைய வால்வு செட்டில் கழற்றிய ஏர் கேங்க் சிறந்தது. வேறு இணைப்பு எதுவும் வேண்டாம். பேட்டரியும் இல்லை, ரேடியோவுக்கு ஒயரும் இல்லை.

இந்த அளவுக்கு இண்டக்டன்ஸ் ஏறத்தாழ 190 மைக்ரோஹென்றி வரும். 531 முதல் 1602 வரை முழு பட்டையும் ஒரே சுழற்சியில் அடங்கும். டிரான்சிஸ்டர் செட்டின் பி.வி.சி. கேங்க் (பிளாஸ்டிக் உறையுள்ள சிறிய கேங்க்) போட்டால் இரண்டு பிரிவையும் சேர்த்து இணையுங்கள். அப்போதும் கீழ்ப் பக்கம் 600க்குக் கீழே போகாவிட்டால் 100 பிக்கோஃபாரட் கண்டன்சர் ஒன்றைக் குறுக்கே சேர்க்கலாம். மேல்பக்கம் 1500ஐத் தொடாவிட்டால் ஒரு சுற்றைக் குறைக்க வேண்டும். சுற்றுகளை ஒட்டிச் சுற்றினால் கம்பிகளுக்கு நடுவே கொள்திறன் கூடி மேல் பட்டை போய்விடும். பெரும்பாலான லூப்புகள் இதனால்தான் கெடுகின்றன.

வைக்கும் விதம்: ரேடியோவின் ராடு லூப்பின் சட்டத்துக்குச் செங்குத்தாக, அதன் வழியே ஊடுருவுவது போல் இருக்க வேண்டும். 15, 20 செ.மீ. தள்ளி வைத்துத் தொடங்குங்கள். முதலில் ரேடியோவில் எண்ணை வைத்து, பிறகு கேங்கை மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் சத்தம் எகிறும். மிக நெருக்கி வைத்தால் ரேடியோவின் சொந்த ட்யூனிங் நகர்ந்துவிடும். லூப்பின் விளிம்பு நிலையத்தை நோக்கினால் அதிகபட்சம். தொந்தரவு நிலையத்தை ஒழிக்க, லூப்பின் தட்டையான முகம் அதைப் பார்க்கும்படி திருப்பிக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள். மேலிருந்து இறங்கும் இரவு அலைக்கு அந்தச் சாய்வு தேவைப்படும்.

கோயம்புத்தூர் நேயர்

மெக்கானிக் அண்ணன் சொன்ன லூப் வீட்டுக்குள் வேலை செய்யவில்லை என்றால் குறை லூப்பில் இல்லை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, செல் போட்ட ரேடியோவில் 600 பக்கம் கேளுங்கள். கரகரப்பு போய்விட்டால் எதிரி வீட்டுக்குள் இருக்கிறது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்: மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், செட் டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர். ரெகுலேட்டரின் இரைச்சல் பட்டை முழுக்கப் பரவியிருக்கும். முழு வேகத்தில் வைத்தால் பெருமளவு குறையும். சார்ஜரின் இரைச்சல் சம இடைவெளியில் அங்கங்கே எழும். மெயினை அணைத்தும் போகாவிட்டால் தெருவிளக்கு அல்லது பக்கத்து வீடு. அப்போது மொட்டை மாடிதான் வழி. கான்கிரீட் தளத்தின் கம்பிகளே பாதி அலையைத் தின்றுவிடுவதால் மாடிக்குப் போனாலே இரட்டை லாபம்.

நெல்லை நேயர்

திசையைப் பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. தென்கோடியில் கேட்பவர்களுக்கு இது முக்கியம். பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. 1963இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். இங்கே பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக, தெற்கு வடக்காகப் படுத்திருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் கோபுரம் செங்குத்தாக நிற்பதால் அதன் அலையும் செங்குத்து அதிர்வுடன் கிளம்புகிறது. அது கிழக்கு மேற்காகப் பயணப்படும்போது அயனி மண்டலத்தில் அதிகம் உறிஞ்சப்படும் வகையில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. வடக்கு தெற்காகப் போகும் அலைக்கு அவ்வளவு இழப்பு இல்லை.

நாக்பூர் நெல்லையிலிருந்து சுமார் 1,400 கி.மீ., போர்ட் பிளேயர் சுமார் 1,650. நாக்பூரின் வலு பத்து மடங்கு. டெசிபல் கணக்கில் அது 10 மட்டுமே. ஆனால் 1988 மே 18இல் தொடங்கிய தேசிய ஒலிபரப்பு நாக்பூரிலிருந்து இங்கே நள்ளிரவில் உள்ளூர் நிலையம் போல நின்றது. போர்ட் பிளேயரோ இரைச்சலுக்குள்தான். தூரத்தையும் வலுவையும் மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்த வித்தியாசம் வராது. 1575இல் தாய்லாந்தின் பான் பாச்சியிலிருந்து 1,000 கிலோவாட்டில் வந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவும் அந்த வலுவுக்கு ஏற்ற அளவு தென்கோடியில் எழும்பாததற்கு இது ஒரு காரணம். கிழக்கு மேற்குப் பாதையில் ஒரு நிலையம் வரவில்லை என்றால் ஆன்டெனாவைக் குறை சொல்லும் முன் வரைபடத்தைப் பாருங்கள்.

தூத்துக்குடி நேயர்

இரவு, இரவு என்றே பேசுகிறோம். கடலோரத்தில் பகலிலும் தூரத்து மீடியம் வேவ் உண்டு. கடல்நீரின் மின்கடத்தும் திறன் மீட்டருக்குச் சுமார் 5 சீமன்ஸ். வறண்ட நிலத்துக்கு 0.001 முதல் 0.01 வரைதான். தரையோடு ஊரும் அலை கடல்மேல் களைப்பே இல்லாமல் வரும். புத்தளத்திலிருந்து 882இல் 400 கிலோவாட்டில் வரும் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ மன்னார் வளைகுடா வழியே ஏறத்தாழ 200 கி.மீ. தாண்டி நடுப்பகலில் இங்கே அசையாமல் நிற்கும். இதே காரணத்தால் தூத்துக்குடியின் 1053, 200 கிலோவாட், இலங்கையின் மேற்குக் கரையில் பகலிலேயே கேட்கும். கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனாலே சத்தம் இறங்கத் தொடங்கிவிடும்.

இரவில் நடுத்தூரம்தான் மோசம். 936இல் வரும் திருச்சி 100 கிலோவாட்; மதுரையிலும் நாகையிலும் பகலில் சுத்தம். இருட்டிய பிறகு தரை அலையும், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் வான அலையும் ஏறத்தாழ ஒரே பலத்தில் வந்து மோதுவதால் குரல் உடைந்து, நீருக்குள் பேசுவது போலக் கேட்கும். பெரிய ஆன்டெனா போட்டால் உடைந்த குரல் பெரிதாகக் கேட்கும், அவ்வளவே. லூப்பைச் சாய்த்து இரண்டில் ஒன்றை அடக்குவதே பலன் தரும். சின்க் டிடெக்டர் (இப்படிக் குரல் உடைவதைக் குறைக்கும் சுற்று) உள்ள ரேடியோ இருந்தால் இன்னும் நல்லது.

நாகப்பட்டினம் நேயர்

எந்த நிலையம் என்று உறுதி செய்வது பற்றியும் சொல்லிவிடுகிறேன். செய்தி நேரத்தை நம்பக் கூடாது. காலைத் தமிழ்ச் செய்தியைத் தமிழ்நாட்டு நிலையங்கள் எல்லாம் அஞ்சல் செய்யும்போது திருச்சியின் 936க்கும் நெல்லையின் 1197க்கும் வித்தியாசம் தெரியாது. காலை ஒலிபரப்பு தொடங்கும் நேரமே சரியான நேரம். நிகழ்ச்சிக்குச் சில நிமிடம் முன்பே வெறும் கேரியர் (ஒலி ஏறாத ஆதார அலை) ஏறும். இரைச்சல் சட்டென்று அடங்குவதை வைத்து முள்ளைத் துல்லியமாக அதில் நிறுத்திக்கொள்ளலாம். பிறகு ஆகாசவாணியின் முகப்பு இசை, வந்தே மாதரம், அதையடுத்து ஊர்ப் பெயருடன் அறிவிப்பு. அந்த அறிவிப்பைப் பதிவு செய்துகொண்டால் வேறு சான்று தேவையில்லை.

கேட்டதை உறுதி செய்து நிலையம் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டைக்கு எழுதுபவர்கள் குறைந்தது பதினைந்து நிமிட நிகழ்ச்சி விவரம் கொடுங்கள்: பாடலின் முதல் வரி, அறிவிப்பாளர் சொன்ன பெயர், விளம்பரம் வந்த நிமிடம். "நிகழ்ச்சி நன்றாக இருந்தது" என்று எழுதினால் கேட்டதற்கு ஆதாரம் ஆகாது. நேரத்தை யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம்) எழுத வேண்டும்; இந்திய நேரத்தில் ஐந்தரை மணி குறைத்தால் போதும், மாலை 5.45 என்றால் 1215. ஒரே எண்ணில் இரண்டு நிலையம் இருந்தால் அடியில் கேட்டது எது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை மேலே வந்தது என்பதையும் சேருங்கள். ஆகாசவாணிக்கான அறிக்கை டெல்லியிலுள்ள அலைக்கற்றை மேலாண்மைப் பிரிவுக்குப் போகிறது. குறுக்கீடு பற்றிய குறிப்பு அவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் தகவல்.