வாலிநோக்கத்தில் ஓரியன் நெபுலா: வெறும் சாம்பலாகத்தான் தெரியுமா?

கேள்வி:
வாலிநோக்கம் கடற்கரையில் பார்க்கிறேன். 6 அங்குல டாப்சோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி), குவியத்தொலைவு 1200 மி.மீ., ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 25 மி.மீ. திருவாதிரைக்குத் தெற்கே எம்42-ஐ, அதாவது ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்தை, பிடித்தால் சாம்பல் மூட்டம்தான் தெரிகிறது. படங்களில் வரும் சிவப்பு எங்கே? கண்ணாடியில் கோளாறா? நட்சத்திரங்கள் பிறப்பது அந்த மூட்டத்தில் எந்த இடத்தில்?

பதில் 1:
கண்ணாடி நல்லாத்தான் இருக்கு. ஹைட்ரஜன் தரும் சிவப்பின் அலைநீளம் 656.3 நானோமீட்டர். மங்கிய ஒளியில் வேலை செய்யும் கண் செல்கள் அதைக் கிட்டத்தட்ட உணர்வதே இல்லை. ஆக்சிஜனின் 500.7-ஐ நன்றாக உணரும், ஆனால் நிறம் பிரித்துச் சொல்லாது. பளிச்சென்ற நடுப்பகுதியில் லேசாகப் பச்சை தட்டலாம், அவ்வளவுதான்.

குறைந்தது 20 நிமிடம் இருட்டில் இருங்கள். இடையில் ஒருமுறை போன் திரையைப் பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து. படகுத்துறை விளக்குக்கு முதுகு காட்டி நின்று, நெபுலாவை நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள், சிறகுகள் விரியும். பிறகு 10 மி.மீ. ஐபீஸ் போடுங்கள். 120 மடங்கில் நடுவே டிரபீசியம் என்ற நெருக்கமான கூட்டத்தின் நான்கு நட்சத்திரங்களும் தனித்தனியாகத் தெரியும்.

பதில் 2:
பிறப்பைப் பற்றி. பலரும் நினைப்பதுபோல் அந்த வெளிச்சமான பகுதி இப்போது பிரசவம் நடக்கும் இடமில்லை. அது ஏற்கெனவே பிறந்தவை செய்த வேலை. டிரபீசியத்தில் பெரியதான தீட்டா1 ஓரியானிஸ் சி வீசும் புற ஊதாக் கதிர் சுற்றியுள்ள வாயுவை அயனியாக்கி (அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்து) ஒளிர வைக்கிறது. அங்கே வாயு சுமார் 10,000 டிகிரி. அவ்வளவு சூடான வாயு விரியத்தான் பார்க்கும், சுருங்காது.

ஈர்ப்பு ஜெயிக்கக் குளிர் வேண்டும். நெபுலாவுக்குப் பின்னால் இருக்கும் மூலக்கூறு மேகத்தின் குளிர்ந்த பகுதிகள் மைனஸ் 260 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். உள்ளழுத்தம் குறைவு, அதனால் அடர்ந்த கட்டிகள் தம் எடையிலேயே உள்ளே சரிகின்றன. தூசி மறைப்பதால் அங்கே எந்த டாப்சோனியனும் எட்டாது. 1967-இல் வானியலாளர்கள் பெக்லின், நியூகெபவர் இருவரும் அகச்சிவப்பில் தேடித்தான் அதற்குள் ஓர் இளம் நட்சத்திரத்தைக் கண்டார்கள். நெபுலாவின் தொலைவு சுமார் 1,340 ஒளியாண்டு.

பதில் 3:
கண்ணாடி என்றதும் ஒன்று. உப்புக்காற்றில் பனி படிந்தால் துடைக்கவே துடைக்காதீர்கள். காய்ந்த உப்புத்துகள் அலுமினியப் பூச்சைக் கீறிவிடும். ஈரத்தோடு மூடியும் போடக்கூடாது. வீட்டில் காற்றாடவிட்டு, உப்பு படிந்திருந்தால் முதலில் குழாய்த்தண்ணீரை ஓடவிட்டு, கடைசியில் வாலைவடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற்றி நிமிர்த்தி வையுங்கள். முதலில் பனிப்பது இரண்டாம் கண்ணாடியும் ஐபீஸும்தான். ஐபீஸைச் சட்டைப்பையில் வைத்தால் போதும்.

உங்கள் ஊரில் இன்னொரு நெபுலாவும் நன்றாகக் கிடைக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் இரவு 10 மணிக்குத் தெற்குக் கடலைப் பாருங்கள். கரீனா நெபுலா அங்கே சுமார் 21 டிகிரி உயரத்தில் நிற்கும். டெல்லிக்காரர்களுக்கு அது 2 டிகிரிகூட ஏறாது!